வில்வண்டி முதல் அம்பாசடர் வரை: மேற்குச் சென்னையில் பட்டை ஸ்பிரிங்

காரின் பின்பாரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங், இந்தியச் சாலைகளில் மிக நீண்ட காலம் அடிப்படை மாறாமல் ஓடிய உறுப்புகளில் ஒன்று. 1957-இல் வந்த அம்பாசடர், 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை பின்புறத்தில் பட்டையோடுதான் ஓடியது. பிரீமியர் பத்மினிக்கும் அதற்கு முந்தைய பியட் 1100-க்கும் பின்னால் இருந்தது பட்டையே. இன்று பழைய கார்களைப் பேணுபவர்கள் எஞ்சினுக்கு அடுத்தபடியாக அதிகம் கைவைக்கும் இடமும் இதுதான்.

அமைப்பு எளிமையானது. நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே இருக்கும் மெயின் பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும், இவை கண்கள். முன்கண் காரின் அடிச்சட்டத்தில் நிலையாகப் பொருந்தும். பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது இரு கண்களுக்கும் இடையிலான தூரம் கூடுமாதலால், பின்கண் ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். அடுக்கை நடுவில் சென்டர் போல்ட் கோத்து நிறுத்தும். யூ போல்ட்டுகள் அதைப் பின் அச்சோடு இறுக்கும். பாரம் தாங்குவது, அச்சை அதன் இடத்தில் நிறுத்துவது, சக்கரத்தின் உந்துவிசையையும் பிரேக்கின் இழுவிசையையும் உடலுக்குக் கடத்துவது ஆகிய மூன்று வேலைகளையும் இந்த ஓர் உறுப்பே செய்கிறது. விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது என்ற இரண்டும் சேர்ந்து அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தன.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தப் பட்டையின் வரலாறு ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: வடிவமைத்தவர் நினைத்ததைவிட அதிகப் பாரத்தை, அவர் பார்த்திராத சாலையில், எப்படித் தாங்க வைப்பது?

வில்வண்டியும் கொல்லர் உலையும்

மோட்டார் வண்டிக்கு முன்பே தமிழ்நாடு பட்டை ஸ்பிரிங்கை அறிந்திருந்தது. லண்டனைச் சேர்ந்த ஒபடையா எலியட் 1804-இல் நீள்வட்ட எஃகு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். கனத்த அடிமரம் இல்லாமலே வண்டியின் உடலை வில்லின்மேல் நிறுத்த அது வழிசெய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வில் மதராஸின் கோச்சு வண்டிகளுக்கு வந்தது. 1840-இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் சேணமும் குதிரை வண்டியும் செய்துதான் வளர்ந்தது. பின்னர் மோட்டார் உடல் கட்டுவதற்கும் எஞ்சின் தொழிலுக்கும் மாறியது. ஊர்ப்புறத்தில் வசதியுள்ள குடும்பங்கள் காளை பூட்டிய வில்வண்டி வைத்திருந்தன. சாதாரண கட்டை வண்டியில் அச்சின் அதிர்ச்சி முழுதும் அமர்ந்திருப்பவர் முதுகில் இறங்கும். வில்வண்டியில் அதைப் பட்டை வாங்கிக்கொள்ளும்.

கோட்டையிலிருந்து பூந்தமல்லி படைக்குடியிருப்புக்கும் அங்கிருந்து பெங்களூர்ப் பக்கத்துக்கும் சென்ற நெடுஞ்சாலை இந்த வட்டாரத்தின் முதுகெலும்பு. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, அம்பத்தூர், ஆவடி வழியாகப் போனது. ரயில் வந்த பிறகும் நிலையத்துக்கும் ஊருக்கும் இடையிலான பாரம் வண்டிகளில்தான் சென்றது. சக்கரத்துக்குப் பட்டா போடுவதும் ஒடிந்த வில்லைச் சரிசெய்வதும் கொல்லர் உலையின் வேலைகளாயின. எஃகைப் பழுக்கக் காய்ச்சி வளைப்பது, தோய்ப்பது, பிறகு அளவாகச் சூடேற்றிக் கடினத்தைக் குறைப்பது என்ற மூன்று படிகளும் பின்னாளில் கார் பட்டைக்கும் அப்படியே பொருந்தின.

கார்கள் உள்ளூர்மயமான காலம்

விடுதலைக்குப் பின் மதராஸில் மூன்று பெயர்கள் கார் தொழிலில் நின்றன. அடிசன் நிறுவனம் மோரிஸ் கார்களைப் பூட்டி விற்றது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டியது. அதுவே 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூர்ப் பக்கத்தில் வேன்கார்டு காரில் ஆரம்பித்தது. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, உள்ளூரிலேயே பாகம் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டுமே தொழிலில் தொடரலாம் என்று அரசு முடிவெடுத்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சிய நிறுவனங்கள் ஆண்டுக்காண்டு இறக்குமதியைக் குறைத்து, போல்ட்டிலிருந்து பட்டை வரை இங்கேயே செய்ய வேண்டியதாயிற்று.

இக்காலத்துக் கார்களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 1961-இல் இந்தியாவில் வந்த ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் வழிவந்தது. மற்றக் கார்களில் இடதும் வலதுமாக இரண்டு பட்டைகள் நீளவாக்கில் இருக்க, ஹெரால்டில் ஒரே பட்டை குறுக்காக டிஃபரன்ஷியலின் தலையில் போல்ட் செய்யப்பட்டிருந்தது. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தொங்கின. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறியிறங்கும் என்பது இதன் நன்மை. பட்டை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காரின் பின்னால் நின்று பார்த்தாலே போதும்: சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, அடிப்பகுதி அகன்று நிற்கும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் இதற்கு நேர்மாறாக, வெளிப்புறச் சக்கரம் உடலுக்கு அடியில் மடங்கப் பார்க்கும்.

இந்தப் பின்னமைப்பு இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. ஹெரால்டுக்குப் பின் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் நிறுவனம் அதைக் கைவிட்டு, ஒரே துண்டான திட அச்சுக்கு மாறியது. தொழில்நுட்பத்தில் இது ஒரு படி பின்வாங்கல் போலத் தோன்றலாம். குடும்பமும் மூட்டைமுடிச்சும் ஏறிய காருக்கு, எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கக்கூடிய அமைப்பு வேண்டும் என்ற நடைமுறைத் தேவையை அது மதித்தது.

தொழிற்பேட்டை எழுந்த விதம்

மேற்குப் புறநகரின் தொழில் முகம் சைக்கிளில் தொடங்கியது. 1949-இல் அமைந்த டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் 1951-இல் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கியது. 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. 1959-இல் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை வந்தது. 1960-களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமம் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவற்றை வரிசையாக நிறுவியது. சக்கரம், மின்பாகம், பிரேக் ஆகியவை ஒரே சாலையோரத்தில் கிடைக்கத் தொடங்கின.

பெரிய ஆலைகளுக்குச் சிறு பாகங்கள் செய்து தர ஆட்கள் தேவைப்பட்டனர். கிண்டியில் 1958-இல் தொடங்கிய தொழிற்பேட்டையின் வெற்றியைத் தொடர்ந்து, காமராஜர் காலத்துத் தொழில் கொள்கையின் விரிவாக்கமாக அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது. அது தென்னாசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்றாக வளர்ந்தது. லேத்து, மில்லிங், போர்ஜிங், ரப்பர் வார்ப்பு, முலாம் பூச்சு, வெப்பப் பதனிடல் என்று தனித்தனித் தொழில்கள் தெருத்தெருவாக அமைந்தன. பட்டை ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை இதன் பயன் பெரிது. ஒரு செட் பட்டையை மாற்றப் பட்டை மட்டும் போதாது. சென்டர் போல்ட், யூ போல்ட், ஷேக்கிள் பின், கண்ணுக்குள் போகும் புஷ், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் எல்லாம் வேண்டும். மாதிரியைக் கையில் கொடுத்தால் அதைப் பார்த்துச் செய்து தரும் ஆட்கள் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார்கள். உற்பத்தி நின்றுபோன ஒரு காரை ஓட வைப்பதற்கு இதைவிட உகந்த சூழல் அமைவது கடினம்.

ஆவடியில் வேறொரு வகைப் பாரம் தாங்கிகள் உருவாயின. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் சக்கரங்களைத் தாங்கியது முறுக்குத் தண்டு. நேரான எஃகுத் தண்டை முறுக்கி, அது திரும்ப நிமிரும் விசையில் பாரத்தை நிறுத்தும் முறை. அம்பாசடரின் முன்சக்கரங்களைத் தாங்கியதும் இதே முறையே. பின்னர் ஆவடியிலேயே போர் வாகன ஆராய்ச்சி மையம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியில் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து வேலை செய்யும் தாங்கி இடம்பெற்றது.

எஃகும் சூடும்

பட்டைக்கு எந்த இரும்பும் உதவாது. வளைந்து திரும்புவதை லட்சக்கணக்கான முறை செய்தாலும் சோர்ந்துபோகாத எஃகு வேண்டும். பொதுவாகப் பயன்படுவது அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரியும் இரண்டு சதவீதத்தை ஒட்டிய சிலிக்கனும் கொண்ட சிலிக்கன்-மாங்கனீசு எஃகு. அதிக உழைப்புள்ள இடங்களில் குரோமியம்-வனேடியம் எஃகு வரும். ஸ்பிரிங் எஃகுக்கு ஐ.எஸ். 3431, வாகனப் பட்டை செட்டுக்கு ஐ.எஸ். 1135 என இந்தியத் தர நிர்ணயங்கள் உண்டு.

பட்டையைச் சுமார் 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, வளைவு கொடுத்து, உடனே எண்ணெயில் தோய்ப்பார்கள். இந்த நிலையில் அது கண்ணாடிக்கு நிகரான கடினம் பெறும், அடித்தால் தெறிக்கும். பிறகு 450 டிகிரியை ஒட்டிய சூட்டில் மீண்டும் வைத்து ஆறவிட்டால்தான் வளையும் தன்மை திரும்பும். முதல் சூட்டை எஃகின் செந்நிறம் பார்த்து அறியலாம். இரண்டாம் சூட்டில் எஃகு ஒளிராது. வெப்பமானி இல்லாத உலையில், பட்டைமேல் படிந்த எண்ணெய் எப்போது பற்றி எரிந்து தீர்கிறது என்பதைக் கொண்டு ஸ்பிரிங் கொல்லர்கள் அதைக் கணித்தார்கள். ஆலைகளில் இதற்குப் பின் இன்னொரு படி உண்டு: இழுவிசை விழும் பரப்பில் நுண்ணிய எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி அடிப்பது. அது பரப்பை அழுத்தி, விரிசல் தோன்றுவதைத் தள்ளிப்போடும். உலையில் செய்த பட்டைக்கும் ஆலைப் பட்டைக்கும் ஆயுளில் வேறுபாடு வருவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

கூடுதல் பட்டை என்னும் வழக்கம்

அம்பாசடர் வாடகைக் காராகவும் கல்யாண வண்டியாகவும் ஓடியபோது, ஐந்து பேருக்கென்று செய்த காரில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். கூரையில் கேரியரும் அதன்மேல் பெட்டிகளும் ஏறின. பின்பக்கம் தரையைத் தொட்டுவிடாமலிருக்கப் பட்டறைகள் கண்ட வழி, செட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது. வளைவை ஏற்றித் தட்டுவது, தடித்த பட்டை மாற்றுவது ஆகியவையும் வழக்கமாயின.

இதன் விளைவைக் கணக்கு தெளிவாகச் சொல்கிறது. பட்டை செட்டின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர் விகிதத்திலும், தடிமனின் கன மடங்குக்கு நேர் விகிதத்திலும், நீளத்தின் கன மடங்குக்கு எதிர் விகிதத்திலும் அமையும். ஆறு பட்டை இருந்த இடத்தில் அதே தடிமனில் ஏழாவது வந்தால் விறைப்பு ஏறக்குறைய 17 சதவீதம் கூடும். எண்ணிக்கையைத் தொடாமல் எல்லாப் பட்டைகளையும் 6 மில்லிமீட்டரிலிருந்து 7 மில்லிமீட்டராக மாற்றினால் விறைப்பு ஏறக்குறைய 59 சதவீதம் கூடிவிடும். ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டையின் பரப்பில் விழும் அழுத்தமும் அதிகம். எனவே மெல்லிய பட்டைகளுக்கு நடுவே ஒன்றைமட்டும் தடித்ததாக வைத்தால், வலுவுக்காக வைத்த அந்தப் பட்டையே முதலில் ஒடியும் வாய்ப்பு உண்டு.

பாரம் இருக்கும்வரை விறைத்த பட்டை நன்றாகவே வேலை செய்யும். ஆள் இறங்கிக் கார் காலியானதும் பின்பக்கம் தூக்கி நிற்கும். சிறு மேட்டுக்கும் துள்ளும். அவசரமாகப் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் எளிதில் வழுக்கும். ஷேக்கிளின் சாய்வும் கார்டன் தண்டு மூட்டின் கோணமும் மாறி, புஷ்ஷும் குறுக்கு மூட்டும் சீக்கிரம் தேயும். வாடகை வண்டிக்கு வேறு வழியில்லை. அந்த வண்டியே பிற்காலத்தில் ஓர் ஆர்வலர் கைக்குப் பழைய காராக வரும்போது, முதல் வேலை இந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றுவதாக அமைகிறது.

மாற்றும் முறை

பட்டை மாற்றுவதில் ஒழுங்கு முக்கியம். பின் அச்சைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் தாங்கு கட்டைமேல் நிறுத்தி, பட்டையின் இறுக்கம் முழுதும் தணிந்த பின்பே போல்ட்டில் கைவைக்க வேண்டும். ஷாக் அப்சார்பரைக் கழற்றி, யூ போல்ட், ஷேக்கிள், முன்கண் என்ற வரிசையில் பிரிப்பார்கள். செட்டைப் பிரிக்கும்போது சென்டர் போல்ட்டை நேரே அவிழ்க்கக் கூடாது. பட்டைகள் ஒவ்வொன்றும் சற்று வேறான வளைவில் செய்யப்பட்டு, கட்டும்போது நெருக்கி இறுக்கப்பட்டவை. வைஸில் பிடிக்காமல் போல்ட்டை எடுத்தால் தெறிக்கும்.

பிரித்த பட்டைகளின் நடுத்துளையைச் சுற்றியும் முனைகள் அடுத்த பட்டையில் உரசும் இடத்திலும் விரிசல் தேட வேண்டும். யூ போல்ட் தளர்ந்து ஓடிய காரில் நடுத்துளையில்தான் பட்டை ஒடியும். ஒடிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டக்கூடாது. அந்தச் சூடு எஃகின் பதத்தை அழித்துவிடும். தளர்ந்த பட்டைக்கு வளைவேற்ற வேண்டுமென்றால், பட்டறைத் தரையில் சரியான பட்டையை வைத்துச் சாக்பீஸால் அதன் வளைவைக் கோடிட்டு, மற்றதை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுத் தட்டுவார்கள். சூடேற்றாமல் சம்மட்டியால் மட்டும் தட்டி ஏற்றிய வளைவு நிலைக்காது. அடிபட்ட தழும்பிலிருந்து விரிசலும் தொடங்கும். நிலைக்க வேண்டுமென்றால் காய்ச்சி, தோய்த்து, பதமாக்கும் மூன்று படிகளும் மீண்டும் வேண்டும்.

ஒரு பக்கம் ஒடிந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது முறை. இல்லையேல் கார் ஒருபுறம் சாயும். யூ போல்ட்டுகளும் புஷ்களும் புதிதாக இருக்க வேண்டும். பட்டைகளுக்கு இடையே கிராபைட் கிரீஸ் பூசினால் உரசல் குறைந்து ஓட்டம் மென்மையாகும். ரப்பர் புஷ் உள்ள கண்களின் போல்ட்டைக் காரைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மீண்டும் சரிபார்ப்பது கட்டாயம்.

பந்தயத்துக்கான மாற்றம்

பாரத்துக்காகப் பட்டையை உயர்த்திய காலத்திலேயே, வேகத்துக்காக அதைத் தாழ்த்தியவர்களும் இருந்தார்கள். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பியட், ஹெரால்டு, அம்பாசடர் கார்கள் அங்கே மாற்றியமைக்கப்பட்டு ஓடின. 1990-இல் பந்தயம் பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு வந்தது.

பட்டைக் காரைத் தாழ்த்த வழிகள் சில உண்டு. வளைவைக் குறைத்து ஏறக்குறைய நேராக்குவது ஒன்று. பட்டை அச்சுக்குக் கீழே அமைந்த கார்களில், இரண்டுக்கும் இடையே உலோகக் கட்டை வைத்து உடலைத் தாழ்த்துவது மற்றொன்று. முடுக்கத்தில் அச்சு தன்னைத்தானே சுற்றப் பார்த்துப் பட்டையை வளைத்துநெளிக்கும். அதைத் தடுக்க அச்சிலிருந்து அடிச்சட்டத்துக்கு ஒரு தண்டைக் கூடுதலாகப் பூட்டுவதும் உண்டு. கட்டையின் உயரம் கூடக்கூட இந்த நெளிவும் கூடும் என்பதால், கட்டையும் தண்டும் ஒன்றாகவே திட்டமிடப்பட வேண்டியவை.

இன்றைய நிலை

திருவள்ளூர் அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் மிட்சுபிஷி லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் நான்கு சக்கரங்களிலும் சுருள் ஸ்பிரிங். அதே நிறுவனத்தின் அம்பாசடர் அப்போதும் பட்டையோடு ஓடிக்கொண்டிருந்தது. கார்களில் பட்டை மறைந்தாலும் வேன், ஜீப் வகைகளிலும் சுமை வண்டிகளிலும் அது நிலைத்தது. மாருதி ஆம்னியும் மகிந்திரா பொலேரோவும் பின்புறத்தில் பட்டையோடு வந்தன. 2005-இல் வந்த டாடா ஏஸ் முன்னும் பின்னும் பட்டையிலேயே நின்றது. லாரிகளில் நடுவில் தடித்து முனையில் மெலியும் பரபோலிக் பட்டை பரவியது. குறைந்த எண்ணிக்கையில், ஒன்றோடொன்று உரசாமல் அமைவதால் எடையும் உராய்வும் குறைகின்றன. பேருந்துகளில் காற்றுத் தாங்கி இடம்பிடித்தது. பாடியில் தொடங்கிய வீல்ஸ் இந்தியா அதையும் தயாரிக்கிறது.

பழைய காருக்குப் பட்டை தேடுபவர் இன்று சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தொடங்கி, கிடைக்காவிட்டால் புறநகர்ப் பட்டறைகளில் மாதிரி கொடுத்துச் செய்துகொள்கிறார். அவர் கேட்க வேண்டியவை எஃகின் வகை, பட்டைகளின் மூல எண்ணிக்கை, ஒவ்வொன்றின் தடிமன், பாரமில்லாத நிலையில் வளைவின் உயரம் ஆகிய நான்கு. காரில் இப்போது இருக்கும் செட்டையே மூலமென்று நம்பினால், யாரோ ஒரு வாடகை ஓட்டத்துக்காகச் சேர்த்த பட்டையும் அதோடு நகலாகிவிடும். தொழிற்சாலைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டு, கூடியதை நீக்கிக் குறைந்ததை நிரப்புவதே சரியான மீட்பு.

கழித்துப் போட்ட பட்டையும் வீணாவதில்லை. நல்ல கரி எஃகு என்பதால் உளிக்கும் கத்திக்கும் அரிவாளுக்கும் கொல்லர்கள் லாரிப் பட்டையைத் தேடி வாங்குகிறார்கள். காய்ச்சி, அடித்து, தோய்த்துக் கூர் ஏற்றுகிறார்கள். ஓடிக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால், அதிலிருந்து இன்னொரு காருக்கு ஸ்பிரிங் செய்வது மட்டும் தகாது.